கரடிக்கு விருந்து வைத்த பூங்கா

1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காவலுக்கு நின்ற குதிரைப்படை வீரர்களுக்கு ஒரு விசித்திரமான வேலை இருந்தது. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் படிந்திருக்கும் வெண்பாறையில் புதிதாக யாராவது பெயர் கிறுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கிறுக்கல் கண்ணில் பட்டால் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு ஓட்டலுக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார்கள். பெயர் பொருந்திவிட்டால் ஆசாமி தப்ப முடியாது. சோப்பையும் பிரஷையும் கையில் கொடுத்து, எழுதிய இடத்துக்கே திருப்பி அழைத்துப் போவார்கள். ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று எழுதியவர், ஊர் பார்க்கவே அதைத் தேய்த்து அழிக்க வேண்டும்.

இந்தத் தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. பூங்காவை விட்டு வெளியேற்றுவதைத் தவிர வேறு தண்டனை கொடுக்கச் சட்டத்தில் அப்போது வழியே இல்லை. ஆகவே படைத் தளபதி தானாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

1872 மார்ச் 1 அன்று ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது யெல்லோஸ்டோன். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். வயோமிங், மொன்டானா, ஐடஹோ என மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கும் இதன் பரப்பு ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். முதுமலைப் புலிகள் காப்பகத்தைப் போலப் பதின்மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய நிலத்தை மக்களின் மகிழ்ச்சிக்கென ஒதுக்கிய நாடாளுமன்றம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை. விதிகளை வகுக்கும் பொறுப்பு உள்துறைச் செயலாளரிடம் தரப்பட்டது. மீறினால் என்ன என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதல் கண்காணிப்பாளர் நத்தானியேல் லாங்ஃபோர்டுக்குச் சம்பளம் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் பூங்காவை எட்டிப் பார்த்ததே அபூர்வம்.

அந்தச் சட்டம் முதன்முதலில் அந்நியராக்கியது சுற்றுலாப் பயணிகளை அல்ல. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேட்டையாடியும் எரிமலைக் கண்ணாடிப் பாறையை உடைத்து அம்புமுனை செய்தும் வாழ்ந்துவந்த பூர்வகுடிகளைத்தான். மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி பிரிவினர் இரண்டாம் கண்காணிப்பாளர் ஃபிலீட்டஸ் நாரிஸ் காலத்தில் அங்கிருந்து அகற்றப்பட்டு, அரசு ஒதுக்கிய குடியிருப்புப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கொதிக்கும் ஊற்றுகளைக் கண்டு பயந்து செவ்விந்தியர்கள் இந்தப் பக்கமே வந்ததில்லை என்ற கதையும் அந்தக் காலத்தில்தான் பரப்பப்பட்டது. பயணிகள் பயப்படாமல் வர வேண்டும் அல்லவா? 1877இல் அமெரிக்கப் படையிடம் பிடிபடாமல் தப்பிச் சென்றுகொண்டிருந்த நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் பூங்காவின் குறுக்காகப் போனபோது, வழியில் எதிர்ப்பட்ட பயணிகளைச் சிறைபிடித்தார்கள். இரண்டு பயணிகள் உயிரிழந்தார்கள். மறு ஆண்டுதான் நாடாளுமன்றம் முதன்முறையாகப் பூங்காவுக்கென 10,000 டாலர் ஒதுக்கியது.

தொடக்ககால விதிகளைப் படித்தால் இன்றைய வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும். சாப்பாட்டுக்காக வேட்டையாடலாம், பொழுதுபோக்குக்குச் சுட்டாலும் கேட்க ஆளில்லை. 1870களின் நடுவில் தோலுக்காக எல்க் மான்கள் ஆயிரக்கணக்கில் சுட்டுத்தள்ளப்பட்டன. தோலையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழுகவிட்டுப் போனார்கள். 1880இல் ஹாரி யவுன்ட் என்ற ஒற்றை மனிதரைக் காவலுக்கு வைத்தார் நாரிஸ். ஒரு குளிர்காலத்தைத் தனியாகக் கழித்த யவுன்ட், இதற்கு ஒருவர் போதாது, ஒரு சிறு காவல்படையே வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு வேலையை உதறினார். பூங்காவுக்குள் வேட்டை முற்றிலும் கூடாது என்ற உத்தரவு 1883 ஜனவரியில்தான் வந்தது. பூங்கா பிறந்து ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அதே 1883இல் ரயில் பாதையும் பூங்காவின் வாசல்வரை வந்துவிட்டது. கூட்டம் பெருகியது. சுத்தியலும் கோடரியும் கொண்டுவந்து ஊற்றுப் பாறைகளை நினைவுப் பொருளாகப் பெயர்த்துப் போனார்கள். இதைத் தடுக்க வயோமிங் நிர்வாகம் 1884இல் தன் சட்டத்தைப் பூங்காவுக்குள் நீட்டிப் பார்த்தது. பிடித்துக் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? விதியைக் காப்பதைவிடப் பயணிகளின் பையைத் தடவுவதில் ஆர்வம் அதிகமானது. 1885 கோடையில் லூயிஸ் பேசன் என்பவரைப் பிடித்தார்கள். கூடாரத்தருகே மூட்டிய தீயைச் சரியாக அணைக்கவில்லை என்று குற்றச்சாட்டு. அவரோ இல்லினாய் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர், முன்னாள் நீதிபதியும்கூட. விஷயம் பத்திரிகைக்குப் போயிற்று. அடுத்த மார்ச்சில் அந்தச் சட்டமே ரத்தாயிற்று. கண்காணிப்பாளருக்குச் சம்பளம் தரவும் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் உள்துறை ராணுவத்திடம் கையேந்தியது. 1886 ஆகஸ்டில் கேப்டன் மோசஸ் ஹாரிஸ் தலைமையில் குதிரைப்படை வந்து இறங்கியது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை காட்டுத்தீயோடு போராடியது. அடுத்தது பயணிகளோடு.

1889இல் அங்கே போன பயணிகளுள் 23 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். அலகாபாத்திலிருந்து வெளிவந்த ‘பயனியர்’ பத்திரிகைக்குப் பயணக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த ருட்யார்ட் கிப்ளிங். யெல்லோஸ்டோனின் ஊற்றுகளைவிட அவற்றைப் பார்க்க வந்த கூட்டம் அவரை அதிகம் எரிச்சலூட்டியது. ஆழமில்லாத வெந்நீர்க் குட்டைகளின் அடியில் பெண்கள் கொண்டை ஊசியால் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போவதையும், இயற்கை அந்த அவமதிப்பை அழியாமல் பதித்து வைத்துவிடுவதையும் கிண்டலும் கோபமுமாக எழுதினார். அவர் மிகைப்படுத்தவில்லை. ஊற்று நீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது. நீர் வழிந்து காயும்போது அது கண்ணாடிபோல் மெல்லிய படலமாகப் படியும். பென்சிலால் எழுதிய பெயர்கூட அந்தப் படலத்துக்கு அடியில் பத்திரமாகிவிடும். அதனால்தான் வீரர்கள் எழுதிய உடனேயே ஆளைப் பிடிக்க ஓடினார்கள். படலம் மூடிவிட்டால் எந்தச் சோப்பும் போதாது.

சோப்பு இன்னொரு தொல்லையையும் கொண்டுவந்தது. ஒரு சீனச் சலவைத் தொழிலாளி வெந்நீர் ஊற்றின் மேல் கூடாரம் போட்டுத் துணி வெளுக்க, சோப்பு பட்டதும் ஊற்று சீறிக் கிளம்பி கூடாரத்தையும் துணிகளையும் வானத்தில் வீசியதாக ஒரு கதை 1880களில் பரவியது. கதை எவ்வளவு உண்மையோ, அறிவியல் உண்மைதான். கொதிநிலையை ஒட்டி நிற்கும் நீரில் சோப்பு கலந்தால் பரப்பு இழுவிசை குறைந்து, சில ஊற்றுகள் நேரத்துக்கு முன்பே பீச்சியடிக்கும். ஊற்று தானாகப் பீச்சும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பயணிகள் ஓட்டல் அறைச் சோப்புகளை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஊற்றுக்குள் எந்தப் பொருளையும் போடக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் கல்லும் கட்டையும் மட்டுமல்ல, இந்தச் சோப்புக் கட்டிகளும் இருக்கின்றன.

துப்பாக்கிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூங்காவைக் கடந்து மறுபக்கம் போகிறவர் ஆயுதத்தை எங்கே விட்டுவிட்டுப் போவார்? நுழைவாயிலில் துப்பாக்கியின் இயக்கப் பகுதியைச் சிவப்பு நாடாவால் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். வெளியேறும்போது முத்திரை உடைந்திருந்தால் அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் திருட்டு வேட்டைக்காரனை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1894 மார்ச்சில் எட்கர் ஹோவல் என்பவன் பெலிக்கன் பள்ளத்தாக்கில், பனியில் சிக்கிய பைசன் காட்டெருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது படைச் சாரணர் ஃபெலிக்ஸ் பர்ஜெஸிடம் பிடிபட்டான். நாடு முழுவதும் கோடிக்கணக்கில் திரிந்த பைசன் அப்போது அழிவின் விளிம்பில் நின்றது. அமெரிக்காவில் மிஞ்சிய கடைசிக் காட்டு மந்தைகளில் ஒன்று யெல்லோஸ்டோனில் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட ஹோவல் அலட்சியமாகச் சிரித்தான். வெளியேற்றுவார்கள், சாமான்களைப் பறிமுதல் செய்வார்கள், அவ்வளவுதானே. ஆனால் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழின் நிருபர் எமர்சன் ஹஃப் தற்செயலாக அந்த நேரத்தில் பூங்காவில் இருந்தார். செய்தி இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலுக்குப் பறந்தது. அவர் வாஷிங்டனை உலுக்கினார். அயோவா உறுப்பினர் ஜான் லேசி கொண்டுவந்த மசோதா மே 7 அன்றே சட்டமாயிற்று. 1,000 டாலர்வரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை. ஹோவல் அந்தக் கோடையிலேயே திரும்பி வந்து, புதிய சட்டத்தில் சிக்கிய முதல் ஆள் என்ற பெருமையைப் பெற்றான். விதிமீறல்களை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஜான் மெல்ட்ரம் 1935வரை அதே நாற்காலியில் இருந்தார்.

வாகனங்களுக்கான விதிகள் தனிச் சுவாரசியம். 1915 ஆகஸ்ட் 1 முதல் கார்களை அனுமதித்தார்கள். குதிரை வண்டிகளும் அதே சாலையில் ஓடியதால், கார்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலிருந்தும் எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும், அடுத்ததற்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கால அட்டவணை போட்டார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தவர் வேகமாக ஓட்டினார் என்று பொருள். நிமிடக் கணக்கில் அபராதம். இந்தச் சடங்கு நீடிக்கவில்லை. 1917இல் பயணிகளை ஏற்றிச்சென்ற குதிரை வண்டிகளுக்குப் பதில் பேருந்துகள் வந்துவிட்டன.

இதுவரை சொன்னதெல்லாம் ஒழுங்கில்லாத பயணிக்கும் ஒழுங்கைக் காக்கும் நிர்வாகத்துக்கும் நடந்த இழுபறி. கரடி விஷயத்துக்கு வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

கரடிக்குத் தீனி போடக் கூடாது என்ற உத்தரவு யெல்லோஸ்டோனில் 1902லேயே வந்துவிட்டது. ஓட்டல்களுக்குப் பின்னால் கொட்டிய எச்சில் குப்பைக்குக் கரடிகள் வரத் தொடங்கி, பயணிகள் அருகே போய்க் கையால் ஊட்டிவிட ஆரம்பித்திருந்தார்கள். உத்தரவு தெளிவானது. ஆனால் குப்பை மட்டும் அதே இடத்தில் தொடர்ந்து கொட்டப்பட்டது. மாலை வேளைகளில் அங்கே கூட்டம் சேர்ந்தது. 1916இல் தேசியப் பூங்காச் சேவைத்துறை உருவாகி, ராணுவம் விடைபெற்ற பிறகு, இந்தக் கூட்டம் ஒரு தொல்லையாக அல்ல, வாய்ப்பாகத் தெரிந்தது. புதிய துறைக்குப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் மக்கள் வர வேண்டும். மக்களுக்குப் பிடித்தது கரடி.

1919 முதல் 1929வரை கண்காணிப்பாளராக இருந்த ஹோரஸ் ஆல்பிரைட் விளம்பரத்தின் அருமை தெரிந்தவர். 1922இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கிறார். உடன் விருந்துண்பவை கருங்கரடிகள். தீனி போடாதே என்ற விதி அப்போதும் அமலில்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றுக்கு அருகே ஒரு மேடையில் எச்சில் உணவைக் கொட்டி, கரடிகளுக்கு மட்டுமான சாப்பாட்டுக்கடை என்று பலகையே தொங்கவிட்டார்கள். ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் குதிரைமேல் அமர்ந்தபடி கரடிகளின் வாழ்க்கையைப் பற்றி உரையாற்றுவார். 1931இல் கேன்யன் பகுதியில் ஆட்டர் கிரீக் என்ற இடத்தில் பெரிய அளவில் ஓர் அரங்கமே கட்டினார்கள். பயணிகள் வேலிக்கு இந்தப் பக்கம் வரிசை வரிசையான மரப்படிகளில் அமர்ந்திருக்க, அந்தப் பக்கம் மேடையில் ஓட்டல் மிச்சங்களுக்காக டஜன் கணக்கில் கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடிகள் அடித்துக்கொண்டன. ஏதாவது ஆனால் சுடுவதற்குத் துப்பாக்கியோடு ஒருவர் காவல் இருந்தார். சர்க்கஸுக்கும் இதற்கும் கூடாரம் மட்டும்தான் வித்தியாசம்.

சாலையில் நடந்தது இதன் மறுபாதி. கார் ஜன்னலுக்கு வந்து நின்றால் ரொட்டி கிடைக்கும் என்று கருங்கரடிகள் கற்றுக்கொண்டன. ஒரு கரடி நின்றால் கார்கள் அரை மைலுக்கு நின்றன. ரொட்டி தீர்ந்தபின் கையை இழுத்துக்கொண்டவரைக் கரடி கீறியது. 1931 முதல் 1969வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் யெல்லோஸ்டோனில் கரடிகளால் காயம்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொத்துச் சேதங்கள் வேறு. தொல்லை கொடுத்த கரடிகள் சுடப்பட்டன. பழக்கிவிட்டவர்களுக்கு எச்சரிக்கை, பழகியவற்றுக்குத் தோட்டா.

இரண்டாம் உலகப்போரின்போது அரங்கத்தை மூடினார்கள். குப்பைமேடுகளை மூடவில்லை, கண்மறைவாக வைத்துக்கொண்டார்கள். சாலையோர ஊட்டல் போருக்குப் பிறகு இன்னும் பெருகியது. 1948இல் ஆண்டு வருகை பத்து லட்சத்தைத் தாண்டியது. 1958இல் யோகி பேர் என்ற கார்ட்டூன் கரடி ‘ஜெல்லிஸ்டோன்’ பூங்காவில் பிக்னிக் கூடைகளைத் திருடத் தொடங்கியபோது அமெரிக்கக் குழந்தைகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாற்றம் வேறொரு பூங்காவில் நிகழ்ந்த இரு மரணங்களிலிருந்து வந்தது. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களில் இரண்டு இளம்பெண்களைக் கிரிஸ்லி கரடிகள் கொன்றன. ஓரிடத்தில் விடுதியின் எச்சில் குப்பைக்குக் கரடிகள் வருவதைப் பயணிகள் இரவுதோறும் வேடிக்கை பார்த்துவந்தார்கள். அதிர்ச்சியில் யெல்லோஸ்டோன் நிர்வாகம் குப்பைமேடுகளை அவசரமாக மூடியது. 1970இல் பெரிய மேடான டிரவுட் கிரீக்கும் போயிற்று. அங்கே பல ஆண்டுகள் கிரிஸ்லிகளை ஆராய்ந்துவந்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் மெல்ல மெல்ல மூடுங்கள் என்று மன்றாடினார்கள். யாரும் கேட்கவில்லை. தலைமுறைகளாக எச்சிலில் வளர்ந்த கரடிகள் பசியோடு கூடாரங்களைத் தேடி வந்து, ஏராளமாகச் சுடப்பட்டன. 1975இல் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் கிரிஸ்லிகள் 136 என்று மதிப்பிடும் நிலை வந்து, பாதுகாக்கப்பட வேண்டிய இனங்களின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன.

பிறகுதான் 1902இன் விதி உண்மையிலேயே விதியாயிற்று. கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிகள் வந்தன. இரவில் உணவைக் காரில் பூட்டி வைக்காதவருக்கு அபராதம் விழுந்தது. காயங்கள் ஆண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தன. வட்டாரத்தில் இன்று ஏறக்குறைய ஆயிரம் கிரிஸ்லிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். எழுபது ஆண்டுகள் பயணிகளின் ஒழுக்கக்கேடு என்று பேசப்பட்டதை, நிர்வாகம் தன் குப்பையை ஒழுங்காகக் கையாண்டதும் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. ஓநாய்க் கதையும் இதே ரகம்தான். ஒரு முயலைக்கூடத் தொடாதே என்று பயணிகளிடம் சொன்ன அதே பூங்காவில், 1914 முதல் 1926வரை அரசு ஆட்களே குறைந்தது 136 ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

ஊற்றுகளுக்கு இப்படி மீண்டெழும் பாக்கியம் இல்லை. ‘கைக்குட்டைக் குட்டை’ என்றே பெயர் பெற்ற ஓர் ஊற்று இருந்தது. கைக்குட்டையைப் போட்டால் உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வெளுத்துத் திருப்பித் தரும். 1920களின் இறுதியில் யாரோ கட்டைகளைத் திணிக்க, அது அடைத்துக்கொண்டது. மார்னிங் குளோரி என்ற நீலக் குட்டையை 1950இல் பீச்சவைத்துச் சுத்தம் செய்தபோது குவியல் குவியலாகக் காசுகளும், கைக்குட்டைகளும், துண்டு, காலுறை, உள்ளாடைகளும் வந்தன. உள்ளே வீசியவை நீர்வரத்தை அடைக்க, சூடு குறைந்து, குளிர்ந்த ஓரங்களில் நுண்ணுயிர்கள் பரவி நீலம் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாறிவந்திருக்கிறது.

புதிய விதிகளும் பழைய விதிகளைப் போலவே ஆளைப் பார்த்துத்தான் பிறக்கின்றன. 2014 ஜூனில் தேசியப் பூங்காக்களில் டிரோன் பறக்கவிடுவதற்குத் தடை வந்தது. இரண்டே மாதத்தில் ஒரு பயணியின் டிரோன் யெல்லோஸ்டோனின் புகழ்பெற்ற கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்குள் விழுந்தது. 2016 மே மாதத்தில் குளிரில் நடுங்குவதாக நினைத்து ஒரு பைசன் கன்றைக் காரின் பின்பகுதியில் ஏற்றிவந்து ரேஞ்சர்களிடம் ஒப்படைத்தார் ஒருவர். மந்தை அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. இடையில் ஒரு விதி பின்னோக்கியும் நடந்தது. சிவப்பு நாடா கட்டிய பூங்காவுக்குள் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். சுடத்தான் கூடாது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு யெல்லோஸ்டோன் போவது இப்போது வழக்கமாகிவிட்டது; பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் கூடச் செல்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் மலைச்சிங்கத்திடமிருந்தும் 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பைசன் சாதுவாகப் புல் மேய்வதைப் பார்த்துப் படமெடுக்க நெருங்காதீர்கள். அந்தப் பூங்காவில் இப்போது அதிகம் பேரைக் காயப்படுத்தும் விலங்கு கரடியல்ல, பைசன்தான். ஊற்றுகளைச் சுற்றி மரப்பலகைப் பாதையை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். கெட்டியான தரைபோலத் தெரிவது பல இடங்களில் மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். அதில் விழுந்து இதுவரை 20க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். தொப்பியோ செல்போனோ பறந்து விழுந்தால் எடுக்கப் போகாமல் ரேஞ்சரைக் கூப்பிடுங்கள்.